சத்துவாச்சாரியில் வீட்டுக்கே வந்து நாய்க்குட்டி பழக்கும் பயிற்சி: ஆறு வருகை, 4,200 ரூபாய், எங்கள் அனுபவம்

முதலில் காசு விவரத்தைச் சொல்லிவிடுகிறேன், கேட்கிறவர்கள் எல்லாரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். ஆறு வருகை, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மணி நேரம், மொத்தம் 4,200 ரூபாய். பாதி முதல் நாள், மீதி நான்காவது வருகையில். வேலூர், காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம் எல்லாம் இதே விலைதான், ஆற்காடு, ராணிப்பேட்டை பக்கம் போனால் பெட்ரோல் காசு தனி. பயிற்சியாளர் தனி ஆள். கடை கிடையாது, போர்டு கிடையாது, ஒருவர் சொல்லி இன்னொருவர் கூப்பிடுவதுதான். தன் பேரையும் நம்பரையும் பொதுவில் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. இப்படி ஒரு ஆளைத் தேடும்போது எதைப் பார்க்க வேண்டும், எங்களுக்கு எது உதவியது, எங்கே குறை என்று விவரமாக எழுதுகிறேன், நம் ஊரில் இதைப் பற்றித் தமிழில் யாரும் எழுதி நான் பார்க்கவில்லை.

எங்கள் குட்டி பேர் செம்பி. நாட்டு நாய், பெண், செம்மண் நிறம். என் கணவரோடு வேலை செய்கிறவர் வீட்டில், அணைக்கட்டு பக்கம், தாய் நாய் ஆறு குட்டி போட்டது. முப்பத்தைந்து நாளிலேயே எடுத்துக்கொண்டு போங்கள் என்றார்கள். கால்நடை டாக்டரிடம் கேட்டோம், எட்டு வாரம் முடியாமல் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். இங்கே எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது என்று சட்டமும் இருக்கிறது. காரணம் பாலுக்காக மட்டும் இல்லை. கூடப் பிறந்த குட்டிகளோடு கடித்து விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதை அது கற்றுக்கொள்கிறது, ஒன்று வலித்துக் கத்தும், விளையாட்டு நின்றுபோகும், அடுத்த முறை இது மெதுவாகக் கடிக்கும். அந்த மூன்று வாரத்தைக் கொடுக்காமல் தூக்கி வந்தால் பிற்பாடு நம் கையில்தான் அது தெரியும். நாங்கள் காத்திருந்தோம். சித்திரை நடுவில், ஐம்பத்தெட்டாவது நாள், அட்டைப்பெட்டியில் அம்மாவின் பழைய நூல் புடவையைப் போட்டு அழைத்து வந்தோம். அந்தப் புடவையை இரண்டு நாள் முன்பே கொடுத்தனுப்பித் தாய் நாய் படுக்கும் இடத்தில் போட்டு வைக்கச் சொல்லியிருந்தோம். முதல் மூன்று ராத்திரி அந்த வாசனைதான் எங்களைக் காப்பாற்றியது.

அதற்கு முன் ஒரு கடையில் 6,000 ரூபாய்க்கு மேல் சாமான் வாங்கினேன். எது வேண்டும் என்று எனக்குத் தெரியாது, கடைக்காரர் எடுத்து வைத்ததை எல்லாம் வாங்கினேன். பஞ்சு அடைத்த ரோமப் படுக்கை, கழுத்துச் சங்கிலி, அதுவும் இழுத்தால் இறுகும் வகை, வாசனை ஷாம்பு, மூத்திரம் உறிஞ்சும் விரிப்பு ஐம்பது, பிளாஸ்டிக் தட்டு, கூண்டு. வேலூரில் அக்னி நட்சத்திரத்துக்கு இரண்டு வாரம் முன்பு ரோமப் படுக்கையை விற்றவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று எனக்கு இன்றும் கோபம்தான். செம்பி அதில் ஒரு நாள் கூடப் படுக்கவில்லை. சமையலறை மூலையில் மண்பானை கசிந்து ஈரமாக இருக்கும் ரெட் ஆக்சைடு தரையில் வயிற்றைப் பரப்பிக்கொண்டு படுத்தாள், அங்கேதான் தூங்கினாள். கடைசியில் பயன்பட்டவை கூண்டும் விரிப்பில் கொஞ்சமும் மட்டும். தட்டைக் கடித்துக் குதறிவிட்டாள், வீட்டில் இருந்த எவர்சில்வர் கிண்ணத்தைக் கொடுத்தோம். சங்கிலியைப் பற்றிக் கீழே வருகிறேன். புதிதாகக் குட்டி எடுப்பவர்கள் முதல் வாரத்துக்கு வாங்க வேண்டியது கூண்டு, நெஞ்சைச் சுற்றிக் கட்டும் சின்னப் பட்டை, கடிக்க இரண்டு ரப்பர் பொம்மை, தாய் வீட்டில் என்ன தின்றதோ அதே சாப்பாடு. அவ்வளவுதான், மீதியைக் குட்டியைப் பார்த்துவிட்டு வாங்கலாம்.

இந்தப் பயிற்சியாளருக்கு முன்னால் வேறொருவர் வந்தார். ஒரு மாதம் தன்னிடமே விட்டுவிடுங்கள், 12,000 ரூபாய், திரும்பி வரும்போது சொன்னதெல்லாம் செய்யும் என்றார். சரி, கொஞ்சம் செய்து காட்டுங்கள் என்றோம். அந்த இறுகும் சங்கிலியைப் போட்டு ஒரு சுண்டு சுண்டினார். ஒன்பது வாரக் குட்டி. வீல் என்று கத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போனவள் சாயங்காலம் வரை வெளியே வரவில்லை, அதற்கப்புறம் இரண்டு நாள் யார் கையில் எதை எடுத்தாலும் ஒடுங்கினாள். அன்றைக்கே அவரை வேண்டாம் என்று அனுப்பிவிட்டோம். ஆனால் அந்த ஒரு சுண்டலை என்னால் திருப்பி எடுக்க முடியவில்லையே என்ற வருத்தம் இருக்கிறது. குட்டியைக் கொண்டுபோய்ப் பழக்கித் திருப்பித் தருகிறேன் என்று யார் சொன்னாலும், அங்கே என்ன செய்கிறார்கள் என்று நம் கண்ணால் பார்க்க முடியாது என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது நான் எழுதவந்த ஆள். போனில் அவர் கேட்ட முதல் கேள்வி குட்டி என்ன ஜாதி என்பது இல்லை, தடுப்பூசி அட்டை இருக்கிறதா, பூச்சி மருந்து எப்போது கொடுத்தீர்கள் என்பது. அட்டையைப் படம் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பச் சொன்னார். நேரில் வந்ததும் செருப்பைக் கேட்டுக்கு வெளியே விட்டு, குழாயடியில் சோப்பு போட்டுக் கைகால் கழுவிக்கொண்டு, பையிலிருந்து வேறு சட்டை எடுத்துப் போட்டுக்கொண்டுதான் உள்ளே வந்தார். ஒரு நாளைக்கு மூன்று நாலு நாய் வீட்டுக்குப் போகிறவர், பார்வோ என்கிற வாந்திபேதி நோயின் கிருமி செருப்பில் மண்ணோடு ஒட்டிக்கொண்டு வரும், மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், ஊசி எல்லாம் முடியாத குட்டிக்கு அதுதான் எமன் என்றார். எங்கள் பழைய நாய் ஒன்று நான் காலேஜ் படிக்கும்போது பார்வோவில்தான் போனது, மூன்றே நாளில். அதனால் அவர் கால் கழுவியதைப் பார்த்ததுமே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

முதல் வருகையில் இருபது நிமிடம் அவர் ஒன்றுமே செய்யவில்லை. கூடத்துத் தரையில், வாசலுக்குப் பக்கவாட்டில், குட்டியைப் பார்க்காமல் உட்கார்ந்து எங்களிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், மணிக்கு எழுநூறு ரூபாய் ஆயிற்றே. செம்பி கட்டிலுக்கு அடியிலிருந்து தலையை நீட்டினாள், உள்ளே போனாள், மறுபடி நீட்டினாள், வயிற்றைத் தரையோடு வைத்துத் தவழ்ந்து வந்து அவர் முழங்காலை மோந்தாள். அவர் அப்போதும் தலையைத் திருப்பவில்லை, உள்ளங்கையை மட்டும் தரையில் விரித்து வைத்தார். அதில் பட்டாணி அளவு வேகவைத்த கோழித்துண்டு ஒன்று, உப்பில்லாமல். எடுத்துக்கொண்டு ஓடினாள். திரும்பி வந்தாள். மூன்றாவது முறை ஓடவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்தாள். சங்கிலி சுண்டலுக்குப் பிறகு வெளி ஆள் ஒருவர் பக்கத்தில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை, என் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்புறம் பாடம் எங்களுக்குத்தான் நடந்தது. நான்கு பேரையும் வரிசையாகக் கூப்பிட்டு, குட்டியை உட்காரச் சொல்லுங்கள் என்றார். நான் "உட்காரு" என்றேன். பையன் "சிட்" என்றான். கணவர் "செம்பி, இங்க பாரு, உக்காருடா கண்ணு" என்று ஒரு வாக்கியம் பேசினார். அம்மா "குந்து" என்றார். செம்பி நாலு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டாள். குழம்பிப்போனாலும் நாய் கொட்டாவி விடும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். "அம்மா, குட்டிக்குத் தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது, ஒரே சத்தம் ஒரே மாதிரி கேட்டா போதும், பகல் பூரா கூட இருக்கறது யாரு?" என்று கேட்டார். அம்மாதான். "அப்ப அம்மா சொல்றதுதான் வார்த்தை" என்று முடித்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாரும் குந்து என்றுதான் சொல்கிறோம், பையன் பள்ளிக்கூடத்து நண்பர்கள் வந்தாலும் அதையே சொல்லச் சொல்கிறான். மூக்குக்கு நேரே துண்டைப் பிடித்து மெதுவாகத் தலைக்கு மேல் கொண்டுபோனால் தலை நிமிரும், பின்பக்கம் தானாகத் தரையில் படும், பட்ட அந்த நொடியில் கொடுக்க வேண்டும். மூன்று நொடி தாமதித்தால் அதற்குள் எழுந்திருக்கும், எழுந்ததற்குத்தான் கூலி என்று நினைத்துக்கொள்ளும். அம்மாவுக்கு இரண்டு நாளில் கை பழகிவிட்டது, எனக்கு ஒரு வாரம் ஆனது. ஒரு தடவைக்கு மூன்று நிமிடம், ஒரு நாளைக்கு நான்கு தடவை, அதற்கு மேல் வேண்டாம் என்றார். கொடுக்கும் துண்டுகளை அன்றைய சாப்பாட்டிலிருந்தே கழிக்க வேண்டும். புரட்டாசியில் வீட்டில் கோழி கிடையாது, பனீரும் வேகவைத்த கேரட்டும் அதே வேலையைச் செய்தன.

மூத்திர விஷயத்துக்கு வருகிறேன், குட்டி எடுத்தவர்கள் எல்லாருக்கும் இதுதான் பெரிய தலைவலி. பக்கத்து வீட்டு அக்கா, போன இடத்தில் மூக்கைத் தேய்த்தால் இரண்டே நாளில் நின்றுவிடும் என்று சொல்லி, நாங்களும் ஒரு தடவை அப்படிச் செய்துவிட்டோம். அதற்கப்புறம் செம்பி எங்கள் கண்ணெதிரே போவதை நிறுத்திவிட்டு பீரோவுக்குப் பின்னால் போக ஆரம்பித்தாள். பயிற்சியாளர் பீரோவைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார். தரையில் போகக்கூடாது என்று அது கற்கவில்லை, மனுஷன் பார்க்கும்போது போகக்கூடாது என்று கற்றுக்கொண்டது, இனி வெளியே கூட்டிப்போனாலும் நீங்கள் பக்கத்தில் நின்றால் போகாது என்றார். அதைச் சரி செய்யப் பத்து நாள் ஆனது.

அவர் செய்த வழி இது. சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரில் கிழித்த தாள்களைக் கேட்டார். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும் இல்லையா, அதில் மணி போட்டு, எப்போது தின்றாள், எப்போது தூங்கி எழுந்தாள், எப்போது போனாள் என்று நாலு நாள் எழுதி வைக்கச் சொன்னார். அம்மா விடாமல் எழுதினார். நாலாவது நாள் தாள்களை வரிசையாகத் தரையில் பரப்பினால் கண்ணுக்கு நேரே தெரிந்தது. தூங்கி எழுந்த உடனே ஒரு தடவை, சாப்பிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஒரு தடவை, விளையாட்டு உச்சத்தில் திடீரென்று நின்று தரையை மோந்து வட்டம் போட்டால் ஒரு தடவை. அந்த மூன்று நேரத்திலும் தூக்கிக்கொண்டு பின்பக்கத்து முருங்கை மரத்தடிக்குப் போனால் வீட்டுக்குள் நடப்பது முக்கால்வாசி நின்றுவிடும் என்றார், நின்றுவிட்டது. தெரு நாய் வராத, மதில் உள்ள இடம் என்பதால் ஊசி முடியும் முன்பே அங்கே விடலாம் என்றார். குட்டிக்கு எத்தனை மாதமோ அதோடு ஒன்று கூட்டினால் வரும் மணி நேரம்தான் அதிகபட்சம் அடக்க முடியும் என்பது அவர் சொன்ன கணக்கு, இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம். அதனால் ராத்திரி ஒரு மணிக்கும் நாலு மணிக்கும் அலாரம் வைத்தோம், கணவரும் நானும் முறை போட்டுக்கொண்டோம், ஒரு மாதத்துக்கு மேல் அப்படித்தான் ஓடியது. வீட்டில் தெரிந்தோ தெரியாமலோ போன இடத்தை ஃபினாயில் போட்டுத் துடைத்தால் நமக்குத்தான் வாசனை போகும், அதன் மூக்குக்குப் போகாது, மறுபடி அங்கேயே வரும். மூத்திர வாசனையைச் சிதைக்கும் என்சைம் திரவம் போட்டு ஊறவிட்டுத் துடைக்கச் சொன்னார், தீர்ந்துபோன நாட்களில் வினிகரில் தண்ணீர் கலந்து துடைத்தோம்.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது வருகை. வைகாசி முதல் தேதி குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, அதை ஒட்டி இந்தப் பக்கம் முழுக்க அம்மன் திருவிழாதான், பம்பை, உடுக்கை, பட்டாசு. செம்பிக்கு அப்போது பதினோரு வாரம். மூன்று வாரத்திலிருந்து பதினாலு வாரம் வரைதான் குட்டியின் மனசு புதிதை எல்லாம் பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளும், ஊசி எல்லாம் முடியும் வரை வீட்டுக்குள் பூட்டி வைத்தால் அந்தக் காலம் போய்விடும், தரையில் விட்டால் கிருமி, அதனால் தூக்கிக்கொண்டு போங்கள் என்றார். அன்று சாயங்காலம் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு மொட்டைமாடியில் நின்றோம். மேளம் மூன்று தெரு தள்ளி வரும்போதே காது விறைத்தது, ஒரு துண்டு. இரண்டு தெரு, ஒரு துண்டு. எங்கள் தெருமுனைக்கு வந்தபோது உடம்பு நடுங்க ஆரம்பித்தது, உடனே மாடியறைக்குள் போய்க் கதவைச் சாத்தச் சொன்னார். பயத்தோடு அங்கேயே பிடித்து வைத்தால் பழகாது, பயம்தான் ஏறும் என்றார். உள்ளே சத்தம் குறைந்ததும் வாலை ஆட்டித் துண்டு கேட்டாள். மிக்ஸி, குக்கர் விசில், சர்வீஸ் ரோட்டில் போகும் லாரி, ஹெல்மெட் போட்ட ஆள், குடை எல்லாவற்றுக்கும் இதே முறைதான். பட்டாசுச் சத்தத்தைப் போனில் மெதுவாக வைத்துச் சாப்பாடு போடச் சொன்னார், ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கூட்டினோம். தீபாவளிக்கு எங்கள் தெருவில் மற்ற நாய்கள் எல்லாம் ஓடி ஒளிந்தபோது செம்பி கூடத்தில் ஃபேனுக்குக் கீழே ரப்பர் பொம்மையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். நேராகத் தலைக்கு மேல் ராக்கெட் வெடித்தபோது மட்டும் எழுந்து அம்மா புடவைக்குள் தலையை வைத்துக்கொண்டாள்.

கடிப்பதற்குச் சொன்னது சுருக்கமானது. பல் பட்டதும் கையை இழுக்காதே, இழுத்தால் அதற்கு விளையாட்டு, மரம் மாதிரி நில், பேசாதே, பொம்மையை எடுத்துக் கொடு. நாலு மாதத்தில் பால்பல் விழ ஆரம்பித்தபோது ஈரத்துணியை முடிச்சுப் போட்டு ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தோம். ஒரு நாள் மிதியடியைத் தட்டும்போது அரிசி மாதிரி ஒரு பல் விழுந்தது, பையன் அதைத் தீப்பெட்டியில் வைத்திருக்கிறான். அதற்கு முன், பத்து வாரத்தில், அவன் கணுக்காலில் பல் கீறி ரத்தம் வந்துவிட்டது. குட்டிக்கு அப்போது வெறிநாய்த் தடுப்பூசி போடும் வயசு வரவில்லை, அது மூன்று மாதத்தில்தான். குழாயடியில் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டுப் பையனை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம், முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று நாலு தடவை ஊசி, எல்லாம் இலவசமாகப் போட்டார்கள். வீட்டுக்குட்டிதானே என்று யாரும் விட்டுவிடாதீர்கள். பயிற்சியாளரும் போனில் அதையேதான் சொன்னார், அடுத்த வருகையில் முதல் வேலையாகப் பையன் காலைத்தான் பார்த்தார்.

சாப்பாட்டில் அவர் தடுத்தது அம்மாவின் சாம்பார் சாதம், வெங்காயம் நாய்க்கு ஆகாது. பாயசத்துத் திராட்சை, சாக்லேட், வெந்த எலும்பு மூன்றும் கூடாது. தயிர் சாதம் தரலாம் என்றதும்தான் அம்மாவுக்குச் சமாதானம்.

குறைகள் இருக்கின்றன, அதையும் சொல்ல வேண்டும். நான்காவது வருகையை அன்று காலை ஒன்பதரைக்கு ரத்து செய்தார், பத்து மணிக்கு வரவேண்டியவர். காரணம் நியாயமானதுதான், ஆனால் நான் அரைநாள் லீவு போட்டிருந்தேன். எழுதிக் கொடுப்பது ஒன்றும் கிடையாது, எல்லாம் வாயால்தான், நாங்கள் போனில் பதிவு செய்துகொண்டோம், நீங்களும் செய்துகொள்ளுங்கள். கயிறு கட்டி நடக்கும் பாடத்துக்குக் கடைசி ஒரு மணி நேரம்தான் கிடைத்தது, போதவே இல்லை. மே மாத வெயிலில் பகல் பத்து மணிக்கு மேல் ரோட்டில் புறங்கையை ஏழு நொடி வைக்க முடியாது, வைக்க முடியாத ரோட்டில் நாயை நடத்தக்கூடாது என்பது அவரே சொன்ன கணக்கு, அப்புறம் பத்து மணிக்கு நேரம் கொடுத்தால் எப்படி நடப்பது? கோடையில் கூப்பிடுபவர்கள் காலை ஆறு மணியைக் கேட்டு வாங்குங்கள், கொஞ்சம் தயங்குவார், வருவார். இன்னொன்று, வீட்டில் ஆள் இல்லாமல் தனியாக இருக்கப் பழக்குவது இந்த ஆறு வருகையில் சேரவில்லை. எங்கள் வீட்டில் அம்மா இருக்கிறார், சரி. இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடு என்றால் முதல் நாளே அதைச் சொல்லிவிடுங்கள்.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். செம்பிக்கு இப்போது எட்டு மாதம். குந்து, வா, இரு, விடு நாலும் வீட்டில் யார் சொன்னாலும் கேட்கிறாள், கேட்டைத் திறந்து வைத்தாலும் சொல்லும் வரை படி தாண்டுவதில்லை. கேஸ் சிலிண்டர் உருட்டும் சத்தத்துக்கு மட்டும் இன்னும் குரைக்கிறாள், கொண்டுவருகிற அண்ணன் வாசலிலேயே நின்றுவிடுகிறார். அதற்காகவும் கயிறு நடைக்காகவும் கார்த்திகையில் இன்னும் இரண்டு வருகை பேசியிருக்கிறோம், வருகைக்கு 700, காலை ஆறு மணி. காலி சிலிண்டர் ஒன்றை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார்.